அறுநூற்று நாற்பத்தெட்டு சுற்று

காலை பதினொன்று பத்துக்கு வீரபாகு ஆஸ்பத்திரி நடைபாதையில் மூன்றாவது தடவையாக நின்றார்.

நடைபாதையின் நீளம் முப்பது மீட்டர். இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு வைத்திருந்தார்கள். ஆறு நிமிடம் கூம்புக்குக் கூம்பு நடக்க வேண்டும். நின்றால் குற்றமில்லை. ஆனால் கடிகாரம் நிற்காது. இதைத் தீபிகா முதலிலேயே சொல்லியிருந்தாள்.

தீபிகா பிசியோதெரபிஸ்ட். திருமுக்கூடல் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களின் நடையை அளப்பது ஒரு வருடமாக அவள் வேலை. கையில் ஸ்டாப் வாட்ச், கழுத்தில் ஓர் அட்டை. நடப்பவரிடம் அட்டையில் இருப்பதைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது என்பது விதி.

“நல்லா செய்யறீங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குது,” என்று படித்தாள்.

“நின்னுக்கினு இருக்கறவனப் பாத்தாம்மா சொல்ற?”

அட்டையில் இதற்குப் பதில் இல்லை. தீபிகா ஸ்டாப் வாட்சைப் பார்த்தாள்.

வீரபாகு பெஞ்சில் கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்திருந்தவரிடம் திரும்பினார். “இன்னா, சுகரா? எந்த ஊருப்பா? வாலாஜாபாத்தா? அங்க நம்ம சகலை ஒருத்தர் இருக்காரே.” வாலாஜாபாத்காரர் சகலையின் பெயரைக் கேட்பதற்குள் வீரபாகுவின் கால் வலி விட்டுவிட்டது. அவர் மறுபடியும் நடந்தார்.

ஆறு நிமிடம் முடிந்தபோது நூற்று அறுபத்தெட்டு மீட்டர். நான்கு நிறுத்தம். தீபிகா குறித்துக்கொண்டாள்.

வீரபாகுவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பிள்ளையார்பாளையத்தில் சொந்தத் தறி. நாற்பது வருடப் பீடியும் பத்து வருடச் சர்க்கரையும் சேர்ந்து வலது தொடையில் ரத்தக் குழாயை அடைத்திருந்தன. எண்பது அடி வைத்தால் கெண்டைக்கால் ஈரத்துணியை முறுக்குவதுபோல முறுக்கும். ஒரு நிமிடம் நின்றால் விட்டுவிடும். பிறகு இன்னும் எண்பது அடி.

நடுத்தெருவில் காரணமில்லாமல் யாரும் ஒரு நிமிடம் நிற்க முடியாது. அதனால் வீரபாகு எண்பது அடிக்கு ஒருவரை நலம் விசாரித்தார். யாரும் இல்லாத இடத்தில் சுவரொட்டி படித்தார். இரண்டு வருடத்தில் அந்தப் பகுதியில் அவரைப்போல அன்பானவர் இல்லை என்று பெயர் வந்துவிட்டது. யார் வீட்டில் காய்ச்சல், யார் பெண்ணுக்கு எந்த மாதம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

“இன்னா வீரபாகு, கவுன்சிலருக்கு நிக்கப் போறியா?” என்று டீக்கடை முனிரத்தினம் ஒரு நாள் கேட்டார்.

“ஏன்பா?”

“முன்னெல்லாம் கூப்புட்டாக்கூட திரும்ப மாட்ட. இப்ப எங்கூட்டு மாடு சினையான்னு கேக்கற. நிக்கறதா இருந்தா இப்பவே சொல்லிடு. எம் மச்சான் நிக்கறான்.”

“நிக்கலப்பா.”

“நின்னுக்கினேதான இருக்கற.”

தெருவில் இப்படிச் சமாளிக்கலாம். தறியில் முடியாது. குழித்தறியில் கால் குழிக்குள் இருக்கும். மிதிகட்டையை மாறி மாறி மிதிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் வலது பாதம் மரத்துப்போனது. மிதித்தோமா இல்லையா என்று தெரியவில்லை. டார்ச் அடித்துக் குழிக்குள் பார்த்துக்கொண்டார். கையில் டார்ச் இருந்தால் ஊடை நூல் ஓட்டும் நாடாவை எறிய முடியாது. முன்பு பன்னிரண்டு நாளில் இறங்கிய சேலை இப்போது ஒரு மாதம் ஆனது.

அடைப்பை நீக்க வழி இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சென்னையிலிருந்து ஒரு சர்ஜன் வருவார். ஒரு வருகைக்கு எட்டுப் பேர். அடைப்பு உள்ளவர்கள் அறுபது பேருக்கு மேல் பதிந்திருந்தார்கள். எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதைப் பார்த்து எட்டுப் பேரை எடுப்பதில்லை. எவ்வளவு நடக்க முடியவில்லை என்பதைப் பார்த்து எடுப்பார்கள். அதை மூன்று விதமாக அளந்தார்கள். ஒன்று, கேள்வித்தாள். இரண்டு, நடைபாதை. மூன்று, ஒரு வாரம் கணுக்காலில் கட்டிக்கொள்ளும் கருவி.

நடைபாதை முடிந்ததும் தீபிகா கேள்வித்தாளை எடுத்தாள்.

“ஐம்பது அடி தூரம் நிக்காம நடக்கறது எப்படி இருக்குது? கஷ்டமே இல்லை, கொஞ்சம் கஷ்டம், ரொம்பக் கஷ்டம், முடியாது. இதுல ஒண்ணு சொல்லணும்.”

“எங்க போறதுக்கு?”

“எங்கயும் போறதுக்கு இல்லங்க ஐயா. சும்மா.”

“சும்மா நடக்க மாட்டேன்.”

தீபிகா ‘கொஞ்சம் கஷ்டம்’ என்பதில் பேனாவை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார்.

“ஒரு தெரு நீளம்?”

“எந்தத் தெரு?”

“பொதுவா ஒரு தெரு.”

“ராஜ வீதி ஒரு தெருதான். எங்க சந்தும் ஒரு தெருதான்.”

“உங்க சந்துன்னு வெச்சுக்கலாம்.”

“அதுல போவேன். கைலாசம் ஊட்டாண்ட ஒரு தடவை நிப்பேன்.”

“மெதுவா ஓடறது?”

“எதுக்கும்மா ஓடணும்?”

தீபிகா ‘முடியாது’ என்று போட்டாள். கடைசியில் கருவியை எடுத்தாள். தீப்பெட்டி அளவு. கறுப்புப் பட்டையில் கோத்திருந்தது. அவர் வலது கணுக்காலில் கட்டிவிட்டு, ஏழு விதிகள் அச்சிட்ட காகிதத்தைப் படித்துக் காட்டினாள். குளிக்கும்போது கழற்றலாம். தண்ணீரில் போடக் கூடாது. தூங்கும்போதும் கட்டியிருக்க வேண்டும். இழுத்துக் கட்டக் கூடாது. திறந்து பார்க்கக் கூடாது. சார்ஜ் போடக் கூடாது. அடுத்த செவ்வாய்க்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அவர் மனைவி தையல்நாயகி பக்கத்தில் நின்று ஏழையும் கேட்டாள்.

மறுநாள் புதன்கிழமை கந்த சஷ்டி தொடங்கியது. குமரக்கோட்டத்தில் ஆறு நாளும் ஜனங்கள் முருகன் கோயிலைத் தினம் நூற்றெட்டுத் தடவை வலம் வருவார்கள். அவரவர் வேண்டுதலுக்கு அவரவர் சுற்றலாம். முடியாதவருக்காக வீட்டில் ஒருவர் சுற்றலாம். மகனின் பரீட்சைக்கு அம்மா சுற்றுவாள். நாத்தனாரின் கர்ப்பத்துக்கு அண்ணி சுற்றுவாள். யார் சுற்றினாலும் பலன் யாருக்காகச் சுற்றினார்களோ அவருக்குப் போகும். இதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

தையல்நாயகி விடியற்காலையில் குளித்து, மடியில் நூற்றெட்டுப் புளியங்கொட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். வீரபாகு தறியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, அத்தக் கழட்டிக் குடுங்க.”

“எத்த?”

“கால்ல கட்டினாங்களே, அது.”

“எதுக்கு?”

“உங்க காலுக்காகத்தான சுத்தப் போறேன். உங்க காலு கணக்குல ஏறட்டும். நீங்க குழியில உக்காந்துக்கினு இருந்தா அதுல இன்னா ஏறும்?”

வீரபாகு யோசித்தார். அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. பட்டையும் அரித்துக்கொண்டிருந்தது. கழற்றிக் கொடுத்தார். மற்றவர்களிடம் கொடுக்கக் கூடாது என்பது ஏழு விதிகளில் இல்லை. எட்டாவது விதியாகப் பிறகு சேர்த்தார்கள்.

காலையில் ஐம்பத்து நான்கு சுற்று, சாயங்காலம் ஐம்பத்து நான்கு சுற்று. சுற்று முடிந்ததும் ஒரு புளியங்கொட்டையைத் தூணடியில் போடுவாள். வெறும் பாலும் பழமும்தான் சாப்பாடு. சூரசம்ஹாரம் முடிந்த மறுநாள் காலை கருவியைக் கழற்றி, மஞ்சள் கறையைத் துடைத்து, கணவரிடம் கொடுத்தாள். அவர் அதை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை போனில் செய்தி வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. முனிரத்தினத்தின் டீக்கடையில் ஒரு காலேஜ் பெண் படித்துச் சொன்னாள். உடல் இயலாமை எதுவும் காணப்படவில்லை. உங்கள் நடைத்திறன் மிகச் சிறப்பாக உள்ளது. அறுவைப் பட்டியலிலிருந்து உங்கள் பெயர் நீக்கப்படுகிறது. தேவைப்பட்டால் தினசரி நடையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

“குறைச்சுக்கணுமா?” என்றார் முனிரத்தினம். “அப்படி எங்கயா நடந்த நீ?”

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு பேரும் தீபிகாவின் அறையில் இருந்தார்கள். பட்டியலை அன்று நான்கு மணிக்கு மூடுவார்கள்.

தீபிகா கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். ஏழு நீலக் கம்பங்கள். முதலாவது பெருவிரல் நகம் அளவு. மற்ற ஆறும் திரையின் உச்சியைத் தொட்டன.

“ஐயா, புதன்கிழமை இருபத்தெட்டாயிரத்து நானூறு அடி நடந்திருக்கீங்க.”

“நானா?”

“வியாழக்கிழமை முப்பதாயிரத்துக்கு மேல.”

வீரபாகு மனைவியைப் பார்த்தார். தையல்நாயகி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கி சாயங்காலம் மழைமா,” என்றாள். “கல்லு வழுக்கும்னு சின்னச் சின்ன அடியா வெச்சேன்.”

தீபிகா திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

“நீங்களா நடந்தீங்க?”

“ஆமாம்மா. நூத்தியெட்டு. ஆறு நாளு. ஒண்ணுகூடக் கொறைக்கல.”

“அதை ஏம்மா நீங்க கட்டிக்கினீங்க?”

“நடக்கறவங்கதான கட்டிக்கணும்? அவரு எங்க நடந்தாரு?”

“அவரு எவ்ளோ நடக்கறாருன்னு பாக்கத்தாம்மா குடுத்தது.”

“அவருக்காகத்தாம்மா நடந்தேன்.”

தீபிகா விவசாயக் குடும்பம். வருடா வருடம் அவள் அம்மா அவளுக்காக ஆடிக் கிருத்திகையில் தீ மிதித்திருக்கிறாள். அதனால் இந்தப் பேச்சை மேலே கொண்டுபோக அவளுக்கு வழி தெரியவில்லை.

“சரி. இன்னா வேண்டிக்கினீங்க?”

“எட்டுப் பேருல இவரு ஒருத்தரா இருக்கணும்னுதான்.”

“நீங்க சுத்துனதால அந்த எட்டுலேர்ந்து பேரை எடுத்துட்டாங்கம்மா.”

“அது உங்க கம்ப்யூட்டரு பண்ணது.”

வீரபாகு தொண்டையைக் கனைத்தார். “இப்ப இன்னா பண்ணலாம் பாப்பா? இது போனா அடுத்தது எப்ப?”

“ஆறு மாசம். மறுபடியும் முதல்லேர்ந்து எல்லாம் அளக்கணும். ஆனா ஒரு வழி இருக்குது.” அவள் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். “கருவியை வேற ஒருத்தர் கட்டிக்கினா இதை நிரப்பணும். ‘இந்தத் தேதிகளில் பதிவான அடிகள் நோயாளியுடையவை அல்ல, என்னுடையவை.’ கீழ அம்மா கையெழுத்துப் போடணும். அப்புறம் அம்மா அதைக் கட்டிக்கினு ஆறு நிமிஷம் நடக்கணும். ரெண்டு நடையும் ஒத்துப்போனா அந்த ஆறு நாளையும் ஐயா பேர்லேர்ந்து எடுத்துடும். பேரு திரும்ப லிஸ்ட்ல வந்துடும்.”

“போடு தையலு,” என்றார் வீரபாகு.

தையல்நாயகி பேனாவை வாங்கவில்லை.

“இன்னொரு தடவை படிம்மா.”

தீபிகா படித்தாள்.

“என்னுடையவைன்னு எழுதிக் குடுத்தா, சுத்துனது எனக்குப் போயிடும்.”

“கம்ப்யூட்டர்லதாம்மா.”

“கையெழுத்து போட்டு எழுதிக் குடுத்துட்டு, கோயில்ல போயி இவருக்காக சுத்துனேன்னு எப்படிச் சொல்றது? முருகன் இன்னா நெனைப்பான்? காலையில ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சா?”

“கையெழுத்து போடலன்னா ஆபரேஷன் இல்லம்மா.”

“போட்டா ஆபரேஷன் ஆவும். தொணைக்கு ஒண்ணும் இருக்காது. தொடையை அறுக்கறாங்க. வெறுங்கையோட எப்படிப் படுக்க வெக்கறது?”

“பத்து வருஷமா பண்றாரும்மா அந்த டாக்டரு.”

“அவரு கையி அவருக்கு. எனக்கு இன்னா தெரியும்?”

வீரபாகுவுக்குக் கோபம் வந்தது. “மிதிகட்டையில காலு இருக்குதா இல்லையான்னு டார்ச் அடிச்சிப் பாத்துக்கினு இருக்கேன். நீ இன்னாடான்னா வக்கீலு மாதிரி பேசற.”

“நான் சுத்தாம இருந்திருந்தா பேசியிருக்க மாட்டேன்.”

“யாரு உன்னச் சுத்தச் சொன்னது?”

தீபிகா மேஜையில் இருந்த கூம்பை நகர்த்தி வைத்தாள்.

மூன்றே கால் ஆகியிருந்தது. வீரபாகு எழுந்தார். “விடு பாப்பா. ஆறு மாசம்தான. இருந்துட்டுப் போறேன்,” என்று வெளியே போனார்.

கதவு திறந்தே இருந்தது. நாற்காலியிலிருந்து தையல்நாயகிக்கு நடைபாதை முழுதும் தெரிந்தது. அவர் வேகமாகத்தான் புறப்பட்டார். பாதி தூரம் போனதும் அடி சுருங்கியது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் புற நோயாளிகள் கிடையாது. பெஞ்சுகள் காலி. விசாரிக்க ஒருவரும் இல்லை. வீரபாகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, டெங்குக் கொசு ஒழிப்பு பற்றிய ஒரு சுவரொட்டியைப் படிக்கத் தொடங்கினார். சின்ன எழுத்தில் பதினைந்து வரி இருக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். ஒரு இடத்தில் தலையாட்டினார்.

அவருடைய மூக்குக் கண்ணாடி தையல்நாயகியின் பையில் இருந்தது.

அவர் படித்து முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் அவர் நடந்தார். இன்னும் கொஞ்சம் போய், மகப்பேறு பற்றிய சுவரொட்டிக்கு வந்து சேர்ந்தார்.

“குடும்மா,” என்றாள் தையல்நாயகி.

கையெழுத்தை நிதானமாகப் போட்டாள். பெயர் நீளம். கட்டம் போதவில்லை. ‘கி’ வெளியே விழுந்தது.

தீபிகா கருவியை அவள் கணுக்காலில் கட்டினாள். பாதம் வீங்கியிருந்தது. குதிகாலில் இரண்டு கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. தீபிகா நிமிர்ந்து பார்த்தாள். தையல்நாயகி புடவையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

கூம்புகளை வைத்தார்கள். வீரபாகுவைக் கூப்பிட்டு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

“எத்தினி சுத்து?” என்று தையல்நாயகி கேட்டாள்.

“சுத்து கணக்கு இல்லம்மா. ஆறு நிமிஷம். எவ்ளோ முடியுமோ அவ்ளோ.”

“கணக்கு இல்லாம எப்படிச் சுத்தறது?”

“நடந்தா போதும்மா. கூம்பை எந்தப் பக்கமா வேணாலும் திரும்பலாம்.”

“எந்தப் பக்கமா வேணாலுமா?” என்றாள் தையல்நாயகி. பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நடந்தாள். கூம்பு வலது கைப் பக்கம் வரும்படி திரும்பினாள். ஒவ்வொரு தடவையும் அப்படியே திரும்பினாள்.

“நல்லா செய்யறீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குது,” என்று தீபிகா அட்டையைப் பார்த்துப் படித்தாள்.

“உம்.”

வீரபாகு பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். அவள் நடப்பதை அவர் பார்த்ததில்லை. எங்கே போனாலும் அவள் பின்னால்தான் வருவாள். இடது காலைத் தரையில் முழுதாக ஊன்றவில்லை. திரும்பும்போது கை முழங்காலுக்குப் போய் வந்தது. மூன்றாவது சுற்றில் உதடு முணுமுணுத்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

“எப்பலேர்ந்து இப்படி நடக்கற?” என்று பெஞ்சிலிருந்து கேட்டார்.

“ஐயா, பேசக் கூடாது,” என்றாள் தீபிகா.

ஆறு நிமிடம் முடிந்தது. “நில்லுங்கம்மா, அங்கயே நில்லுங்க.”

“இரும்மா. நாலு சுத்து ஆயிடுச்சு. அஞ்சாவது பாதியில நிக்கறேன். முழுசா முடிச்சிடறேன்.”

முடித்தாள். அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆறு நிமிடத்தில் நின்றிருக்க வேண்டிய இடத்தைத் தீபிகா சுண்ணக்கட்டியால் குறித்திருந்தாள். இருநூற்று எழுபத்தாறு மீட்டர்.

உயரம், வயது போட்டுப் பார்க்கும் ஓர் அட்டவணை தீபிகாவிடம் இருந்தது. அவள் விரல் வைத்துத் தேடினாள்.

“உங்க வயசுக்கு நானூத்தி அம்பதாவது வரணும்மா. முட்டி ரொம்ப நாளா வலிக்குதா?”

“நான் பேஷண்ட் இல்லம்மா.”

“எலும்பு டாக்டரு திங்கக்கெழமை வருவாரு. காட்டலாம்.”

“மொதல்ல இவருது முடியட்டும்.”

படிவத்தில் கருவியைக் கட்டிக்கொண்டவரின் முழங்காலுக்கு இடம் இல்லை. தீபிகா ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதினாள். பிறகு கணினியில் ஏற்றினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். ஆறு கம்பங்களும் ஒவ்வொன்றாக மறைந்தன. நகம் அளவுக் கம்பம் மட்டும் நின்றது.

மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பட்டியலில் வீரபாகுவின் பெயர் ஆறாவதாக வந்தது. உடல் இயலாமை: கடுமை.

“வந்துடுச்சு ஐயா,” என்றாள் தீபிகா.

“கடுமைன்னு போட்டிருக்குதே. அவ்ளோவா?”

“அதான் ஐயா வேணும்.”

அவர் சிரித்தார். தையல்நாயகி சிரிக்கவில்லை. அவள் மறைந்த கம்பங்கள் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது எங்க போச்சு?”

“உங்க பேர்ல ஏறிடுச்சும்மா. தனியா ஒரு ஃபைல்ல இருக்குது.”

“ஆறு நாளுமா?”

“ஆறு நாளும்.”

“மழையில சுத்துனது?”

“அதுவும்.”

“இவரு பேர்ல ஒண்ணும் இல்லயே?”

“ஒண்ணுகூட இல்லம்மா.”

தையல்நாயகி பையை எடுத்துக்கொண்டாள்.

ஷேர் ஆட்டோ குமரக்கோட்டத்தைத் தாண்டும்போது அவள் நிறுத்தச் சொல்லி இறங்கினாள். வீரபாகுவும் இறங்க வேண்டியதாயிற்று.

“இங்க எதுக்கு?”

“பேரை மாத்தினது ஆஸ்பத்திரியில தெரியும். இங்க தெரியாது. சொல்லிட்டு வரேன்.”

அவர் வெளியே பூக்கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சஷ்டிக் கூட்டம் போய்விட்டிருந்தது. பந்தல் கால்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பூக்காரி கங்கையம்மாள் தண்ணீர் தெளித்துக்கொண்டே, “இன்னாய்யா, வர்றவங்கள எல்லாம் நீதான் விசாரிப்ப, இன்னிக்கி பேச்சையே காணோம்?” என்றாள். உட்கார்ந்திருப்பதால் அவருக்குப் பேச்சு தேவைப்படவில்லை.

சாதாரணமாகத் தையல்நாயகி கோயிலுக்குள் போனால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவாள். இன்று அரை மணி ஆனது. நெற்றியில் புதுத் திருநீற்றோடு வந்தாள். படியில் இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“ஆபரேஷன் நல்லபடியா நடக்கணும்னு கேட்டியா?”

“அதுக்குச் சுத்துனதைத்தான் எழுதி வாங்கிக்கினேனே. மறுபடியும் எந்த மொகத்த வெச்சுக்கினு கேக்கறது? அத அந்தப் பொண்ணும் டாக்டரும் பாத்துக்கட்டும்.”

“பின்ன இவ்ளோ நேரம் உள்ள இன்னா பண்ண?”

“அறுநூத்தி நாப்பத்தெட்டு சுத்து. எம்பேர்ல இருக்குதுன்னு அந்தப் பொண்ணே சொல்லிடுச்சு. சும்மா வுட்டுட்டு வர முடியுமா? எனக்குன்னு ஒண்ணு கேட்டேன்.”

“உனக்கா?”

“ஏன், கேக்கக் கூடாதா?”

அவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு அவர் எழுந்திருப்பதற்காகக் காத்திராமல் வீட்டுப் பக்கம் நடந்தாள். வீரபாகு எழுந்து பின்னால் போனார். எண்பது அடியில் கால் பிடித்துக்கொண்டது. அவர் நின்றார். அவள் நிற்கவில்லை.

“தையலு, இன்னா கேட்ட?”